அடுத்தவர் டிராக்டரை ஏலம் கேட்பது

ஜப்தியில் வந்த சாமான் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆத்தூர், தலைவாசல் வட்டாரத்தில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் இதை ஏதாவது ஒரு விதத்தில் சொல்வார்கள். அம்மா பழைய பாத்திரக் கடைக்குப் போனால் பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அதன் விளிம்பைத்தான் பார்ப்பார். யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தபோது புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் அங்கே இருக்கும். பெயர் இருந்துவிட்டால், விலை எவ்வளவு சகாயமாக இருந்தாலும் அண்டாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். "எந்த நெலமையில இத வெளியில விட்டாளோ, பாவம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் குணத்தில் எனக்குப் பெருமை உண்டு. ஒருவர் நொடித்துப் போன நேரத்தில் அவர் பொருளுக்கு விலை சொல்லாமல் இருப்பது குறைந்தபட்ச மரியாதை என்றுதான் நானும் நினைத்து வந்தேன். ஆனால் போன வருஷம் மாமா ஒரு டிராக்டர் வாங்கப் போனபோது கூடப் போனதிலிருந்து இந்த எண்ணம் எனக்குள் ஒரு நிலையில் நிற்கவில்லை. மரியாதை என்று நாம் நினைத்து ஒதுங்குவது யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி விடாமல் துரத்துகிறது.

அம்மாவின் மனசு சட்டத்திலும் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, கடன் தீர்ப்பை நிறைவேற்றும்போது எதையெல்லாம் ஜப்தி செய்து விற்கக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. கடனாளியும் அவர் மனைவி மக்களும் உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் எல்லாம் அதில் உண்டு. கடனாளி விவசாயியாக இருந்தால் அவருடைய உழவுக் கருவிகளோடு, பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைத் தானியத்தையும் தொடக் கூடாது. நூறு வருஷத்துக்கு முன்பே ஏர், மாடு, விதை, தாலி, சோற்றுப் பானை என்று எண்ணி எண்ணி விலக்கி வைத்திருக்கிறார்கள். கடன் எவ்வளவு இருந்தாலும் அடுத்த போகம் உழுது விதைக்க ஒரு மனுஷனுக்கு வழி இருக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

அந்த நியாயம் டிராக்டர் பக்கம் வருவதில்லை. அந்தப் பிரிவு நீதிமன்றத் தீர்ப்பின்படி நடக்கும் ஜப்திக்கு மட்டும்தான். டிராக்டர் கடனில் கையெழுத்துப் போடும்போதே வண்டியைப் பைனான்ஸ் கம்பெனிக்கு ஈடாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஆர்.சி. புக்கிலேயே கம்பெனியின் பெயர் ஏறிவிடுகிறது. டியூ தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்கு அவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் கண்டித்துச் சொன்னது. அதற்குப் பிறகும் 2016-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீஸ்காரர்கள் அடித்து இழுத்துப் போன காட்சியை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். மரக் கலப்பையைக் காப்பாற்றிய ஊரில் ரொட்டவேட்டரோடு சேர்த்து டிராக்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

யார்டு

மாமாவுக்கு நாலு லட்சத்துக்குள் ஒரு மஹிந்திரா 575 வேண்டியிருந்தது. புதிதாக வாங்கினால் அவரும் டியூ வலையில் விழ வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லை. சீசிங் வண்டி ஏலம் என்று புரோக்கர் மூலம் தகவல் வந்ததும் என்னையும் கூப்பிட்டார். "ஜப்தி வண்டி நமக்கு வேண்டாம் மாமா" என்றேன். "மொதல்ல வா மாப்ள, பாத்துட்டுப் பேசு" என்றார்.

யார்டு நெடுஞ்சாலை ஓரத்தில், தகரம் அடைத்த ஒரு பெரிய காலி மனை. தரையெல்லாம் நெருஞ்சி முளைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் ஆட்டோக்கள், சின்ன லோடு வண்டிகள். இன்னொரு பக்கம் முழுக்க டிராக்டர்: மஹிந்திரா, மாசி, சுவராஜ், இரண்டு மூன்று ஜான் டியர். சிலவற்றில் கல்டிவேட்டர் மாட்டியபடியே இருந்தது. கொழுவில் மண் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தால் உழுதுகொண்டிருந்த வண்டியை அப்படியே ஓட்டி வந்திருப்பார்கள் என்று தோன்றியது. மாமா குறித்து வைத்திருந்த 575-இன் பானெட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் வெடித்து உதிர்ந்தும் குங்குமம் அப்படியே இருந்தது. மட்கார்டில் "தாய் தந்தை துணை" என்று எழுதி, கீழே இரண்டு குழந்தைகளின் பெயர். பக்கத்திலேயே அதன் டிரெய்லர். அதன் பின் பலகையில் மஞ்சள் பெயின்டில் "உழவு, நடை வாடகைக்கு" என்று எழுதி ஒரு செல் நம்பர்.

மாமா வண்டியைப் பார்க்கும் விதத்தை இன்று முழுக்க எழுதலாம். முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்த்தார், நாம் வருவதற்கு முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று. பிறகு ஸ்டார்ட் போடச் சொல்லிப் புகையின் நிறம் பார்த்தார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். காற்று குத்தினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைட்ராலிக்கில் கல்டிவேட்டரைத் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு ஒரு பீடி குடித்து முடிக்கும் வரை நின்றார், அது இறங்குகிறதா என்று. ஹவர் மீட்டரை மட்டும் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டிய நல்லா வச்சிருந்திருக்கான். வேலக்காரன்" என்றார் கடைசியில். அந்த ஒரு வார்த்தை என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. வண்டியைப் பாழாக்கிய ஒரு பொறுப்பற்ற ஆளின் டிராக்டர் என்றால் மனசு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அப்போதுதான் ஒரு வியாபாரி மாமாவைத் தனியே கூப்பிட்டார். நானும் கூடவே போனேன். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. "அண்ணே, நீங்க சொந்த யூஸுக்கு வந்தவரு. இங்க நாங்க ஒரு அஞ்சாறு பேரு ரெகுலரா எடுக்கறோம். மூணு பத்துக்கு மேல யாரும் கேக்கறதில்லன்னு பேசி வச்சிருக்கோம். நீங்க இதுல வாய் திறக்காதீங்க, உங்க கைல பத்தாயிரம் தர்றேன். வண்டி வேணும்னா அடுத்த வாரம் நம்ம பட்டறைக்கு வாங்க, நல்ல ரேட்டுக்குப் பேசிக்கலாம்."

புளியமர ஏலம், ஏரி மீன் ஏலம் எடுத்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. ஏலம் கேட்க வேண்டியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டால், ஏலம் என்பது பெயருக்கு நடக்கும். மரத்தையும் மீனையும் பொறுத்தவரை நஷ்டம் பஞ்சாயத்துக்கு. இங்கே நஷ்டம் யாருக்கு என்று நான் யோசித்ததே இல்லை. கம்பெனிக்குத்தானே, போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. மாமா பணத்தை வாங்கவில்லை. திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "கம்பெனிக்கு என்ன நட்டம்? கொறச்சலா போனா மிச்சத்த அந்த டிராக்டர்காரன்கிட்டதான கேப்பான். வண்டியும் போயி கடனும் நிக்கும் அவனுக்கு."

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் சொல்தான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆவது பிரிவில், அடகுப் பொருளை விற்று வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை அடகு வைத்தவர் கட்ட வேண்டும். கடனுக்கு மேல் வந்தால் அதிகப்படியை அவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஈட்டு வண்டியை எடுத்து விற்ற பிறகு நடக்கும் கணக்கும் அதே வழிதான். அதாவது அந்த யார்டில் வண்டியின் விலை ஏற ஏற, அங்கே இல்லாத ஒருவரின் தலையில் இருக்கும் பாரம் இறங்குகிறது. நான் இரக்கப்பட்டு ஒதுங்கி நின்றிருந்தால் மூன்று பத்தில் அது வியாபாரியின் பட்டறைக்குப் போயிருக்கும். என் இரக்கத்தின் பலன் வியாபாரிக்கு, கடன் அந்தக் குழந்தைகளின் அப்பாவுக்கு.

மாமா மூன்று பதினொன்றில் கேட்க ஆரம்பித்தார். வியாபாரிகளின் முகம் மாறியது. ஒருவர் வீம்புக்கு ஏற்றினார். மூன்று எண்பத்தைந்தில் "மூணு தரம்" சொன்னார்கள். ஒருவர் வாய் திறந்ததால் வந்த வித்தியாசம் முக்கால் லட்சம்.

நெப்ராஸ்காவில் வாய் மூடியவர்கள்

வாயை மூடிக்கொண்டே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய கதையும் உலகத்தில் உண்டு. அதைப் படித்த பிறகுதான் யார்டில் பார்த்தது எனக்குச் சரியாக விளங்கியது. 1929-க்குப் பிந்தைய பெருமந்தத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் சோளத்துக்கும் பன்றிக்கும் விலை இல்லாமல் போய், வங்கிக் கடன் கட்ட முடியாத பண்ணைகளின் கருவிகள், மாடுகள், வீட்டுச் சாமான்கள் எல்லாம் பண்ணை முற்றத்திலேயே ஏலத்துக்கு வந்தன. 1931-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் மாடிசன் கவுண்டியில் ஒரு குடும்பத்தின் பண்ணை ஏலத்துக்கு அக்கம்பக்கத்து விவசாயிகள் திரண்டு வந்தார்கள். பொருள் ஒவ்வொன்றுக்கும் சில்லறைக் காசு மட்டும் கேட்டார்கள். வேறு யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்க விடவுமில்லை. ஏலம் முடிந்தபோது மொத்த வசூல் 5 டாலர் 35 சென்ட். வங்கி அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று; எடுத்தவர்கள் பொருள்களை அந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். இந்த முறை மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. வெளியூர் வியாபாரி வந்து விலை ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் களஞ்சியக் கதவில் சுருக்குக் கயிற்றைத் தொங்கவிட்டு வைத்தார்களாம்.

அதில் வன்முறை இல்லாமல் இல்லை. 1933 ஏப்ரலில் அயோவா மாநிலத்தின் லெ மார்ஸ் ஊரில், பண்ணைகளை விற்கும் உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காத நீதிபதி ஒருவரை விவசாயிகள் நீதிமன்றத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய் அவர் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். உயிர் தப்பினார். ஆளுநர் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதே 1933-இல் மினசோட்டா மாநிலம் பண்ணை, வீட்டு ஈட்டுக் கடன்களின் விற்பனையைத் தள்ளிப்போட ஒரு சட்டம் போட்டது. அடுத்த ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது செல்லும் என்றது. முற்றங்களில் திரண்ட கூட்டத்துக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நம் பக்கமும் அந்தப் பத்து வருஷம் சும்மா இல்லை. விலை வீழ்ச்சியில் இங்கேயும் குடியானவர்கள் மூழ்கினார்கள். ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களின் வட்டி பாக்கியைத் தள்ளுபடி செய்தது. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்தக் கடனே முடிந்தது என்றது.

நெப்ராஸ்காவிலும் ஏலம் கேட்காமல் நின்றார்கள், எங்கள் யார்டிலும் வியாபாரிகள் ஏலம் கேட்காமல் நின்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலை. அங்கே ஏலம் நடந்தது கடனாளியின் வீட்டு வாசலில். வந்தவர்கள் அவரோடு தேவாலயத்துக்குப் போகிறவர்கள், அறுவடைக்கு மாற்றாள் வருகிறவர்கள். பொருள் அன்று சாயங்காலமே அவர் கைக்குத் திரும்பியது. மிச்சக் கடனைக் கேட்டு மறுநாள் யாரும் வர முடியாத அளவுக்கு ஊர் கூடி நின்றது. இங்கே வண்டி நாலைந்து தாலுகா தாண்டி ஒரு தகர வேலிக்குள் நிற்கிறது. அதன் சொந்தக்காரரை அங்கே யாருக்கும் தெரியாது.

ஊர் பார்க்கும் இடத்தில் ஏலம் எப்படி மாறுகிறது என்பதற்குக் கோயில் எலுமிச்சையைப் பார்த்தால் போதும். 2024 சிவராத்திரியில் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் பழப்பூசையன் கோயிலில் சாமிக்கு வைத்த ஒரு எலுமிச்சம்பழம் 35,000 ரூபாய்க்குப் போனது. சொந்தக்காரன், பங்காளி, சம்பந்தி எல்லோரும் பார்க்க, சாமி பொருளைக் குறைத்துக் கேட்க யாருக்கும் மனசு வராது. அதே கண்கள் முன்னால் பக்கத்து வீட்டுக்காரனின் டிராக்டர் ஏலத்துக்கு வந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்கவும் கூச்சப்படுவார்கள், கமிஷன் பேசவும் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சம்தான் கடனாளிக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. இப்போது ஏலம் பெரும்பாலும் செல்போனுக்குப் போய்விட்டது. டெபாசிட் கட்டிவிட்டு எந்த மாவட்டத்திலிருந்தும் கேட்கலாம். ஆள் கூடுவதால் விலை ஏறும், கூட்டுச் சேர்வது கஷ்டம் என்பது அதில் நல்ல விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் பானெட்டில் இருக்கும் குங்குமமோ மட்கார்டில் இருக்கும் பெயரோ அந்தச் சின்னப் படத்தில் தெரிவதில்லை. "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான்.

மஞ்சள் பெயின்டில் இருந்த நம்பர்

டிரெய்லரையும் மாமாவே எடுத்தார். ஊருக்கு வந்து சேர்ந்த அன்று ராத்திரி, பின் பலகையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புண்ணில் கோல் விடுவது போல இருக்குமே என்றேன். "கிளட்ச் எப்ப மாத்துனான்னு கேக்கோணும், அவன் கல்டிவேட்டர் வேணும்னா எடுத்துக்கச் சொல்லோணும்" என்றார்.

எதிர்முனையில் எடுத்தவர் என் வயதுக்காரர். முதலில் உழவுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "வண்டி இப்ப இல்லீங்க" என்றார். மாமா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி: "எவ்ளோக்குப் போச்சுங்க?" அவருக்கு ஏலத் தேதி தெரியவில்லை. விலை தெரியவில்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்து, அடுத்தடுத்து விளைச்சல் போய், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டிய டியூ நின்றிருக்கிறது. வண்டியை எடுத்த பிறகு அவர் ஆபீஸுக்கு நடந்ததில் கிடைத்த பதில் "லெட்டர் வரும்" என்பதுதான். மாமா மூன்று எண்பத்தைந்து என்றார். ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார் என்னிடம். அனுப்பினேன். அந்தப் படம் அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம் என்பது பிறகுதான் தெரிந்தது. சில வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து பாக்கி கேட்டு வந்தபோது, அந்தக் கணக்கில் ஏல விலை வரவில் வைக்கப்பட்டிருக்கிறதா, யார்டு வாடகை, இழுவைக் கூலி என்று என்னென்ன கழித்திருக்கிறார்கள் என்று அவரால் கேட்க முடிந்தது. கேட்டதில் கொஞ்சம் குறைத்தார்கள். முழுவதும் தீரவில்லை. மீதியை மூன்று தவணையில் கட்ட ஒத்துக்கொண்டார்.

மாமா செய்ததில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. அவருக்கு வண்டி தேவை, வாங்கினார். ஆனாலும் அம்மா அண்டாவைக் கீழே வைத்ததைவிட, மாமா விலையை ஏற்றிக் கேட்டதும் போன் போட்டதும் அந்தக் குடும்பத்துக்கு உதவியது என்று இன்று நினைக்கிறேன். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்காக நான் பேரு வெட்டுன பாத்திரத்த வாங்கணுமா?" என்றார். வேண்டாம். பாத்திரத்தை விற்றவருக்குக் காசு அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒன்றும் மாறாது. ஈட்டுப் பொருளின் கதை வேறு.

கடைசியாக, டியூ தவறி வண்டி போயிருப்பவர்களுக்கு. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் உங்களுக்குச் சில உரிமைகள் தருகின்றன. வண்டியை எடுப்பதற்கு முன் எவ்வளவு நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம், ஏலத்துக்கு முன் பணம் கட்டி மீட்கக் கடைசி வாய்ப்பு, ஏல நடைமுறை எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். ஒப்பந்த நகல் உங்களிடம் இருக்க வேண்டும். கடிதங்கள் உங்களுக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். ஏலத் தேதியை எழுத்தில் கேளுங்கள்; வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். தேதி தெரிந்துவிட்டால் வெட்கத்தை விட்டு அக்கம்பக்கத்தில் டிராக்டர் தேவைப்படுகிறவர்களிடம் சொல்லி நாலு பேரை ஏலத்துக்கு அனுப்புங்கள். ஏலம் முடிந்ததும் என்ன விலைக்குப் போனது, என்னென்ன கழித்தார்கள், மீதி எவ்வளவு என்று கணக்கு கேளுங்கள். கடனுக்கு மேல் வந்திருந்தால் அந்தப் பணம் உங்களுடையது. முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம்.